ஓடை நடுவே ஒரு கட்டில்

"உன் தலை எந்தப் பக்கம் இருந்துச்சும்மா?"

நாட்டாமை கேட்டார். சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் என் தலையைப் பார்த்தது. நான் என்னையறியாமல் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. காலடியில் தண்ணீர் இல்லாத ஓடையின் மணல். ஓடைக்குக் கிழக்கே ஓர் ஊர், மேற்கே ஓர் ஊர். இரண்டு ஊர் ஆட்களும் வந்து அவரவர் கரையில் நின்றார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நேற்று ராத்திரி இந்த ஓடையின் நட்டநடுவே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தவள், தலையைக் கிழக்கே வைத்திருந்தாளா, மேற்கே வைத்திருந்தாளா?

கிழக்கே என்றால், அந்த ஊர்த் திருவிழா முடியும்வரை எட்டு நாளைக்கு எந்த ராத்திரியும் நான் வேறு ஊரில் தங்கக் கூடாது. மேற்கே என்றால் அப்போதே கிளம்பிவிடலாம். எனக்கோ மறுநாள் காலையில் ராமநாதபுரத்துக்கு அப்பால் ஒரு கடலோர ஊரில், அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும். மத்தியானத்துக்குள் பஸ் பிடிக்காவிட்டால் போய்ச் சேர முடியாது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை இல்லை.

"தெரியலைங்க," என்றேன்.

"படுத்தது நீதானே?"

"நான்தாங்க. ஆனா தெரியலை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் விளங்கவில்லை.

சும்மா போகிறவர்கள்

போன வாரம் இந்தப் பக்கத்தைப் படித்தவர்களுக்கு என் வேலை உத்தரவு வந்த கதை தெரியும். படிக்காதவர்களுக்கு ஒரு வரி: டீச்சர் படிப்பை முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, கல்யாணமும் ஆகி, இனி எங்கே வரப்போகிறது என்று கைகழுவிவிட்ட நேரத்தில் வந்தது அந்த உத்தரவு. எண்பதுகளின் ஆரம்பம். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அவர் பெயர் கலியபெருமாள். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. எங்கள் பக்கம் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அரியலூரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றும் வைத்திருந்தார். எனக்கு அது சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமையானால் அதற்கு எண்ணெய்க் குளியல் நடக்கும். எனக்குத் தலைக்குச் சீயக்காய் அரைத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

ஊரில் இன்னும் இரண்டு ஜீப் இருந்தன. ஒன்று மாட்டு டாக்டருடையது. இன்னொன்று டயர்க் கடை பஷீர் பாயுடையது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். 'நாற்சக்கர நண்பர்கள்' என்று பெயர். டாக்டர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்தாராம். அங்கே வாரக் கடைசியில் ஜனங்கள் ஜீப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், கூடாரம் அடித்து, சோறு பொங்கித் தின்று, படுத்து எழுந்து வருவார்களாம்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"சும்மாதாம்மா," என்றார் டாக்டர்.

"வூடு இல்லாதவங்களா?"

"வூடெல்லாம் இருக்கு. பங்களாவே இருக்கு."

எனக்குப் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை. எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளியே படுப்பவர்கள் காவல்காரர்கள், ஆடு கிடை போடுகிறவர்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டவர்கள். சும்மா ஒருவன் காட்டில் போய்ப் படுப்பான் என்றால் அவன் அம்மாவே நம்ப மாட்டாள்.

போகணும்னா போ

உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்த என் வீட்டுக்காரர், "நல்லது," என்றார். பிறகு, "தூரமாச்சே," என்றார். சாப்பிட்டுக் கைகழுவும்போது, "போகணும்னா போ," என்றார்.

இந்த 'போகணும்னா போ' இருக்கிறதே, அதற்கு அர்த்தம் கண்டுபிடித்த பெண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. போ என்பதா, போகாதே என்பதா? முகத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் சிரிப்பு மாதிரி இருக்கும். இன்னொரு பக்கம் பல்வலி மாதிரி இருக்கும். வாய் திறந்து வேண்டாம் என்று சொன்னால் சண்டையாவது போடலாம்.

நான் துணி மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் வந்து சொன்னார். "சனிக்கெழம காட்டுக்குப் போறோம். நீயும் வா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போ."

"ஞாயித்துக்கெழம மத்தியானம் பஸ் ஏறணுங்க."

"காலையில பத்து மணிக்கெல்லாம் வூட்டுல இருப்ப."

எப்போதும் என்னைக் கூட்டிப் போகாத மனுஷன் கூப்பிடுகிறாரே என்று பூரித்துப் போனேன். பூரிப்பில் பாதி சந்தேகமும் இருந்தது. மறுநாள் ஊருக்குப் போகிறவளை எதற்கு இன்றைக்குக் காட்டுக்குக் கூப்பிடுகிறார்? ஆனாலும் போனேன். ஆசை யாரை விட்டது?

ஒரே மாதிரி இருக்கும் காடு

ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். செம்மண், முந்திரி, செம்மண், முந்திரி. கிளையெல்லாம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். எந்தப் பாதையில் திரும்பினாலும் இப்போதுதான் வந்த பாதை மாதிரியே இருக்கும்.

பருவம் முடிகிற நேரம். உதிர்ந்த பழங்கள் வெயிலில் புளித்து, மூக்கைச் சுருக்க வைக்கிற வாசனை. ஜீப்புக்குக் கீழே சருகு நொறுங்கிக்கொண்டே வந்தது. மூன்று ஜீப்பும் ஒரு பட்டுப்போன பனைமரத்தைக் கடந்தன. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பட்டுப்போன பனைமரம் வந்தது.

"அதே மரந்தான்," என்றேன்.

"வேற மரம்," என்றார் இவர்.

மூன்றாவது தடவை அதே மரம் வந்தபோது பஷீர் பாய் ஜீப்பை நிறுத்தி இறங்கித் தன் துண்டை அதில் கட்டினார். நாலாவது தடவை துண்டு எங்களைப் பார்த்து ஆடியது. "யா அல்லா, இது மரமா, ஷைத்தானா?" என்றார். டாக்டரிடம் திசை காட்டும் கருவி ஒன்று இருந்தது. அது ஒரு பக்கம் காட்டியது. டாக்டர் மறுபக்கம் போகலாம் என்றார்.

கடைசியில் வழிதவறித்தான் அந்த ஓடைக்கு வந்தோம். அகலமான மணல், இரண்டு பக்கமும் கரை, கிழக்குக் கரையில் நிழலுக்கு ஒரு பெரிய புளியமரம். இதைத்தான் தேடி வந்ததைப் போல மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

டாக்டர் மணலில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கல்லுக்குள் ஒரு கிளிஞ்சல். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினால் இது மாதிரி நிறைய வரும். "இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சும்மா," என்றார்.

இவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "இங்க இருந்த கடலு வத்திப் போச்சு. நீ கடலு இருக்கிற ஊருக்குப் போறே," என்றார். கிண்டலா, வருத்தமா என்று பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டார்.

காதில் விழாத பறை

ஓடையைத் தாண்டும்போது பாயின் ஜீப் மணலில் இறங்கிவிட்டது. 'ஃபோர் வீல் போடு, ஃபோர் வீல் போடு' என்று இவர் கத்த, பாய் எதையோ இழுக்க, நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றி இன்னும் ஆழமாகப் புதைந்தது. அப்புறம் வடம் கட்டி டாக்டர் ஜீப்பால் இழுத்தார்கள். சாயங்காலம் முழுக்க இன்ஜின் உறுமல்தான்.

நடுவில் கிழக்கே பறைச்சத்தம் கேட்டது. யாரோ சத்தமாக ஏதோ சொல்வதும் கேட்டது. சொன்னது காதில் விழவில்லை.

"சாவு மேளம்," என்றார் இவர்.

"இல்ல, நிக்காஹ் மாதிரி இருக்கு. நல்ல அடி," என்றார் பாய்.

"பன்னி வெரட்டுறாங்க," என்றார் டாக்டர்.

படித்தவர், தொழில் தெரிந்தவர், நாலு ஊர் சுற்றியவர். மூன்று பேரில் ஒருவர்கூட இன்ஜினை அணைத்துவிட்டு என்னவென்று கேட்கவில்லை. அது கிழக்கூரில் காப்புக் கட்டுகிற அறிவிப்பு. இன்று விளக்கு வைக்கிற நேரம் மாரியம்மனுக்குக் காப்பு. இன்று ராத்திரி எல்லைக்குள் தலை சாய்க்கிறவர்கள், உள்ளூரானாலும் வெளியூரானாலும், எட்டாம் நாள் தீமிதி முடியும்வரை ராத்திரித் தங்கலுக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். முடியாதவர்கள் இப்போதே எல்லையைத் தாண்டிவிடுங்கள் என்று மூன்று தெருவிலும் சொல்லி, ஓடைக்கரை வரைக்கும் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆண்கள் மூவரும் கிழக்குக் கரையில் புளியமரத்தடியில் கூடாரம் அடித்தார்கள். எனக்குக் கூடாரத்துக்குள் மூச்சு முட்டியது. இவர் தேள் பூச்சிக்குப் பயந்து எனக்காக வீட்டுக் கயிற்றுக் கட்டிலை ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மணல் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அதை ஓடைக்கு நடுவே குறுக்காகப் போட்டார்.

கயிற்றுக் கட்டிலுக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது. புகை வந்தது என்று ஒரு தடவை மாறிப் படுத்தேன். காற்று வந்தது என்று மறுபடி மாறினேன். முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு தூங்கிப்போனேன். விடிவதற்கு முன்னால் இவர் வந்து தோளைத் தொட்டு எழுப்பி டீ கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் கட்டிலைத் தூக்கி ஜீப்பின் மேல் கட்டிவிட்டார்.

கிளம்பலாம் என்று பார்த்தால் கரையில் ஆட்கள் நின்றார்கள்.

ஓடையில் பாதி

கிழக்கூர் நாட்டாமை பொறுமையானவர். முதலில், "என்ன சோலியா வந்தீங்க?" என்று கேட்டார்.

"சும்மாங்க," என்றார் டாக்டர்.

"சும்மான்னா? சர்வேயா? பொதையலா?"

"இல்லைங்க. சும்மா படுத்துட்டுப் போகலாம்னு."

நாட்டாமை பூசாரியைப் பார்த்தார். பூசாரி என்னைப் பார்த்தார். பாவம், குடும்பத்தில் ஏதோ கஷ்டம் என்று நினைத்திருப்பார். அப்புறம் காப்புச் சேதியைச் சொன்னார்கள்.

ஆண்கள் மூவருக்கும் பிரச்சினையே இல்லை. பகலெல்லாம் அரியலூரில் வேலையைப் பார்க்கலாம், பொழுதுசாய ஜீப்பில் திரும்பி வந்து படுத்துக்கொள்ளலாம். "எட்டு நாள் கேம்ப்பா!" என்று டாக்டரின் முகம் மலர்ந்தே போயிற்று. பாய் மட்டும், "நான் பாயிங்க, எனக்குமா?" என்று கேட்டார். "அம்மன் எல்லையில எல்லாரும் அம்மன் புள்ளதான் பாய்," என்றார் பூசாரி. பாய்க்கு அது பிடித்துப் போயிற்று.

மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். ராமநாதபுரத்திலிருந்து எப்படித் தினமும் ராத்திரிக்கு வந்து படுப்பது?

"ஜீப்புல ஏறி உக்காரும்மா, போயிடலாம். இதெல்லாம் ஒரு சட்டமா?" என்று டாக்டர் காதோடு சொன்னார். போயிருக்கலாம். யாரும் கையைப் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து நாட்டாமையின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, போன திருவிழாவுல ஒருத்தன் காப்பு ராத்திரி இங்க படுத்துட்டு, மறுநா ஜெயங்கொண்டத்துல சினிமா பாக்கப் போயி அங்கயே தங்கிட்டான். தேரு அச்சு முறிஞ்சு போச்சு. அவந்தான் காரணம்னு ஒரு கூட்டம், இல்லைன்னு ஒரு கூட்டம். அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்ல. அதுலேருந்து திருவிழாவே இல்லம்மா. இந்த வருசந்தான் கூடி வந்திருக்கு. எம் மவளுக்குப் புள்ளை இல்ல. தீ மிதிக்கிறேன்னு வேண்டிக்கிட்டு எத்தினி வருசமாக் காத்துக் கெடக்கா தெரியுமா?"

அந்த மகளும் அங்கே நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. என்னையே பார்த்தாள். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அச்சு முறிந்ததற்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று படித்த புத்தி கேட்டது. இவள் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி ஜீப்பில் ஏறுவாய் என்று இன்னொரு புத்தி கேட்டது. இரண்டில் எது என் புத்தி என்று தெரியாமல் நின்றேன்.

இதற்குள் மேற்குக் கரைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். "ஓடையில பாதி எங்களுது. நடுவுல படுத்த அம்மாவ நீங்க எப்பிடிக் கட்டுப்படுத்தலாம்? இன்னைக்கி ஆளும்பீங்க, நாளைக்கி மணலும் எங்களுதும்பீங்க."

அப்போதுதான் ஒரு பெரியவர் தீர்ப்பு மாதிரி சொன்னார், தலை எந்த எல்லையில் இருந்ததோ ஆள் அந்த ஊர் என்று. இரண்டு கரையும் ஒத்துக்கொண்டது.

"தன்னூருல கெழக்க தலை வைக்கணும், வேத்தூருல மேக்க வைக்கணும். அந்தம்மாவுக்கு இது வேத்தூரு. மேக்கதான் வச்சிருக்கும்," என்றது ஒரு குரல்.

"இப்ப உள்ள புள்ளைவ அதெல்லாம் பாத்தா படுக்குதுவ?" என்றது இன்னொரு குரல்.

"முழிச்சப்ப சூரியன் எங்கம்மா இருந்துச்சு?"

"இருட்டுங்க."

"டீ குடிச்சியே, எந்தப் பக்கம் பாத்துக் குடிச்சே?"

"டம்ளரைப் பாத்துக் குடிச்சேங்க."

மறுபடி சிரிப்பு. நாட்டாமை என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "எழுப்புனது நீங்கதானே தம்பி? தலை எங்க இருந்துச்சு?"

இவர் யோசிக்கவே இல்லை. "கெழக்கங்க," என்றார்.

புளியமரத்துக்குப் பின்னால்

அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். "நெசமாவா?"

"நான் பாத்தேன்ல."

"பாத்தீங்களா, இல்ல நான் போவக் கூடாதுன்னு சொல்றீங்களா?"

கீழே கிடந்த புளியம் ஓட்டைக் காலால் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் காட்டுக்குக் கூப்பிட்டீங்களா?"

"அய்ய, காப்புக் கட்டுறது எனக்கு எப்பிடித் தெரியும்? எட்டு நாளுதானே. ஒரு தந்தி அடிச்சுட்டா…"

"எட்டு நாள்ல அந்த எடத்துல வேற ஆளு உக்காந்துடும். எத்தினி வருஷம் காத்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம். "போனா நீ திரும்பி எப்ப வருவே?" என்று கேட்டார்.

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். இந்த ஆளைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று புரியவில்லை. இரண்டையும் செய்யாமல், "தெரியலை," என்று சொன்னேன். அன்று காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சூடம்

திரும்பி வந்தபோது மேற்குக் கரைக்காரர்கள் விடுவதாக இல்லை. "வூட்டுக்காரரு வாயால சொன்னா ஆச்சா? எரியுற சூடத்தக் கையால அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒர்க்‌ஷாப்பில் விட்ட டிராக்டரிலிருந்து பேட்டரி காணாமல் போயிற்று. உன் ஆள் எடுக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சொல் என்றார் டிராக்டர்காரர். இவருக்கு நிச்சயமாகத் தெரியும், தன் ஆள் எடுக்கவில்லை என்று. ஆனாலும் சூடத்தைத் தொடவில்லை. ஜீப்பிலிருந்த தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் சைக்கிளில் போனார்.

"உண்மைதானே, அணைச்சா என்ன?" என்று கேட்டதற்கு, "உண்மைக்கே அத தொடக் கூடாது மங்கை. கை பொசுங்குறது பெருசில்ல. குடும்பம் பொசுங்கும்," என்றார். அப்படிப்பட்ட ஆள் அவர்.

அதனால் எனக்குத் தெரியும், இவர் தொட மாட்டார். தொடாவிட்டால், வேறு சாட்சி இல்லாததால் முதலில் சொன்ன சொல்தான் நிற்கும். கிழக்கு. முடிந்தது கதை. பெட்டியில் மடித்து வைத்த சேலைகளை மறுபடி எடுத்துக் கொடியில் போட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மணலில் வெற்றிலையை வைத்து அதன் மேல் பெரிய சூடக் கட்டியை வைத்துப் பூசாரி ஏற்றினார். பகல் வெளிச்சத்தில் நெருப்பு சரியாகத் தெரியவில்லை. புகையும் வாசனையும்தான்.

இவர் முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டார். மண்டியிட்டு உட்கார்ந்தார். சூடத்தைப் பார்க்கவில்லை, நாட்டாமையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வேண்டாங்க என்று ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை.

உள்ளங்கையை ஓங்கிச் சூடத்தின் மேல் அறைந்தார்.

"மேக்க," என்றார்.

எனக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"தம்பி, மொதல்ல கெழக்கன்னீங்களே?" என்றார் நாட்டாமை.

"அது சூடத்துக்கு முன்னாடி சொன்னதுங்க."

நாட்டாமை வெற்றிலையில் அணைந்து கிடந்த சூடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "சூடத்துல சொன்னா சொன்னதுதான். அந்தம்மா போவலாம்," என்றார். நாட்டாமையின் மகள் என் பக்கம் திரும்பி முதல் தடவையாகச் சிரித்தாள். "நல்லாப் போயிட்டு வாங்க," என்றாள்.

டாக்டர்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பெட்டியை எடுக்க வைத்து பஸ் ஏற்றிவிட்டார். இவர் வரவில்லை. நான் ஜீப்பில் ஏறும்போது கரியான கையை மணலில் தேய்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வரேங்க," என்றேன். "ம்," என்றார்.

பஸ்ஸில் வழி முழுக்க ஒரே கணக்குதான். முதலில் சொன்னது பொய்யென்றால், என் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தவர் அவர். இரண்டாவது பொய்யென்றால், எனக்காகத் தன் தலையில் நெருப்பை வாரிப் போட்டுக்கொண்டவர் அவர். இரண்டும் ஒரே ஆள். அந்த ஆளை எந்த முகத்தோடு நினைப்பது?

கட்டில் வந்தது

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன். கடல் பக்கத்தில் இருந்தது. உப்புக்காற்று. தண்ணீரும் உப்பு. பள்ளிக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குப் பிடித்துத் தரையில் பாய் விரித்துப் படுத்தேன். கிளிஞ்சல் கல்லை ஜன்னலில் வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் தெருவில் ஜீப் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஓடி வந்து பார்த்தால் எங்கள் ஜீப். ஓட்டி வந்தவர் பஷீர் பாய். பக்கத்தில் இவர். ஜீப்பின் மேல் கயிற்றுக் கட்டில்.

"நீங்க ஏன் ஓட்டல?" என்று கேட்டேன்.

"சும்மா, பாய்க்கு ஆசை," என்றார். ஜீப்பிலிருந்து இறங்கியவர் கால்விரல் நுனியை ஊன்றி ஊன்றி நடந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போய்விட்டார்.

பாய் மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, தீ மிதிச்சுட்டாரு. காப்புக் கட்டல, வெரதம் இல்ல, வேண்டுதல் இல்ல. அந்த நாட்டாமை பொண்ணு எறங்குச்சு, பின்னாடியே இவரும் எறங்கிட்டாரு. நான் கையப் புடிச்சேன், உதறிட்டாரு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. உனக்காவது தெரியுமா?"

"தெரியலைண்ணே," என்றேன். அப்போது அழுதேன். ஓடையில் அடக்கி வைத்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது.

பாய் பக்கத்து ஊர் நண்பர் ஒருவரைப் பார்க்கக் கிளம்பிப் போனார். தண்ணீரோடு வந்தவரை உட்கார வைத்துக் காலை எடுத்து என் மடியில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கால் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவினேன். எதற்கு மிதித்தீர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமா? இல்லை, முதலில் சொன்ன பொய்க்கா? இல்லை, எனக்காக ஏதாவது வேண்டுதலா? மூன்றில் எதைச் சொன்னாலும் எனக்குத் தாங்காது என்று தோன்றியது. எண்ணெயை மட்டும் தடவினேன். வலிக்கும்போதெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு நொண்டிக்கொண்டே கட்டிலை உள்ளே தூக்கி வந்தார். "தரையில படுக்காத. உப்பு மண்ணு, குளிரு," என்றார். சுவரோரமாகப் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"தலைமாட்ட எந்தப் பக்கம் வைக்கட்டுங்க?" என்று கேட்டேன். அதை வேண்டுமென்றேதான் கேட்டேன்.

கயிற்றிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "எந்தப் பக்கம் வேணா வச்சுக்க மங்கை. இங்க வந்து யாரு கேக்கப் போறா?"

அன்றைக்கு எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை. விடிவதற்கு முன்னால் தோளைத் தொட்டு எழுப்பி டீ கொடுத்தார். அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.